வாப்பாவுக்கு 14 வருசமா சுகர், நோன்ப விட மாட்டேங்குறாங்க, பாதுகாப்பா பிடிக்க வழி இருக்கா?

பிறைதேடி:

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலானுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு, இப்பவே என்ன அவசரம்னு நினைக்காதீங்க, போன வருசம் லேட்டா யோசிச்சதாலதான் அப்படி ஆச்சு.

வாப்பாவுக்கு 61 வயசு. டைப் 2, 14 வருசமா இருக்கு. மெட்ஃபார்மின் ரெண்டு வேளை, காலைல க்ளிமிப்பிரைடு ஒன்னு, ராத்திரி படுக்கும்போது நாள் பூரா வேலை செய்ற இன்சுலின் 20 யூனிட். போன வருசம் யாருகிட்டயும் கேக்காம காலை மாத்திரைய அப்படியே விடியுறதுக்கு முன்னாடி சாப்பிடுற சஹர் நேரத்துக்கு மாத்திக்கிட்டாங்க, இன்சுலின் அளவ குறைக்கவே இல்ல. பதினாறு நோன்பு ஒன்னும் ஆகல. பதினேழாவது நோன்பு அன்னைக்கு சாயங்காலம் அஸர் தொழுதுட்டு முஸல்லாவுலயே உக்காந்திருந்தாங்க, திக்ர் பண்றாங்கன்னு நானும் விட்டுட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு கிட்ட போய் பாத்தா பனியன் முதுகோட ஒட்டிக் கிடக்கு, தஸ்பீஹ் உருட்டுற விரல் ஒரே மணில நின்னு நடுங்குது, வாப்பான்னு கூப்பிட்டா என்னைய பாத்து உம்மா பேர சொல்றாங்க. மீட்டர்ல 48. சர்க்கரைத் தண்ணி கலக்கி கொண்டு போனா வாய இறுக்கி மூடிக்கிட்டு "இன்னும் ஒன்னரை மணி நேரம்தானே, இன்னும் ஒன்னரை மணி நேரம்தானே"ன்னு அதையே திரும்பத் திரும்ப சொன்னாங்க. கடைசில ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏத்தி கொண்டு வந்தோம்.

இந்த வருசமும் வைப்பேன்னு சொல்லிட்டாங்க. தடுக்க எனக்கு மனசு வரல, சும்மா விடவும் பயமா இருக்கு. அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க.

மருந்துச்சீட்டு:

வ அலைக்கும் ஸலாம் சகோதரி. நான் மருந்துக்கடைல வேலை பாக்குற ஃபார்மசிஸ்ட், டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

ஏழு வாரம் முன்னாடியே கேட்டீங்க பாருங்க, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பும் ரமலான் நீரிழிவுக் குழுவும் சேர்ந்து 2016ல ஒரு வழிகாட்டி போட்டு 2021ல புதுப்பிச்சாங்க, அதுலயும் ரமலானுக்கு 6லிருந்து 8 வாரம் முன்னாடி டாக்டர பாக்கணும்னுதான் இருக்கு. எத்தன வருசமா சுகர், ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) எவ்வளவு, என்ன மருந்து, கிட்னி எப்படி, போன ரமலான் எப்படி போச்சுன்னு ஒவ்வொன்னுக்கும் மார்க் போட்டு கூட்டுவாங்க. 3 வரைக்கும் வந்தா ரிஸ்க் கம்மி, 3.5லிருந்து 6 வரை நடுத்தரம், அதுக்கு மேல போனா நோன்பு வேண்டாம்னு சொல்வாங்க.

போன வருசம் நடந்ததுக்கு காரணம் எனக்கு ஓரளவு தெளிவாவே தெரியுது. மெட்ஃபார்மின் தனியா சுகர அந்த அளவுக்கு இறக்காது. க்ளிமிப்பிரைடு அப்படி இல்ல, அது கணையத்த பிழிஞ்சு இன்சுலின் சுரக்க வைக்கும், நீங்க சாப்பிட்டீங்களா பட்டினியான்னு அதுக்கு தெரியாது. அத சஹர்ல போட்டா பகல் பூரா வேலை செய்யும், அந்தப் பகல்லதான் சாப்பாடே கிடையாது. முந்துன ராத்திரி போட்ட இன்சுலினும் கூட சேர்ந்து இழுக்குது. கல்லீரல் சேத்து வச்ச சர்க்கரையும் சாயங்காலத்துக்குள்ள கரைஞ்சுரும். பதினாறு நாள் தப்பிச்சதுதான் ஆச்சரியம்.

மக்ரிப்காற்று:

எல்லாரும் ரொம்ப பயமுறுத்துறீங்களோன்னு தோணுது. எங்க பெரியவாப்பா சுகரோடயே முப்பது நோன்பும் பிடிப்பாங்க, ரமலான்ல மாத்திரையவே தொட மாட்டாங்க, நிய்யத் சுத்தமா இருந்தா அல்லாஹ் பாத்துக்குவான்னு சொல்லுவாங்க. வாப்பாவுக்கு ஆசை இருக்குன்னா விட்டுருங்க சகோதரி, அந்த ஈமான தடுத்த பாவம் நமக்கு எதுக்கு. பகல்ல அடிக்கடி விரல்ல குத்தி ரத்தம் எடுத்தா நோன்பு முறியும்னு வேற சொல்றாங்க, அப்ப எப்படி சுகர் பாக்குறது?

ஓதும்_குரல்:

மக்ரிப்காற்று சகோ, உங்க பெரியவாப்பாவோட ஈமான நான் குறை சொல்லல. ஆனா நோயாளிக்கு விலக்கு குடுத்தது டாக்டர் இல்ல, அல்லாஹ்தான். சூரா பகராவுல 184, 185 ரெண்டு ஆயத்துலயும் நோயாளியும் பயணியும் வேற நாட்கள்ல கணக்க முடிக்கட்டும்னு வருது, 185லயே அல்லாஹ் உங்களுக்கு இலகுவைத்தான் நாடுறான், கஷ்டத்த நாடலன்னு வருது. 195ல உங்க கையாலயே உங்கள அழிவுல போட்டுக்காதீங்கன்னு இருக்கு. நோன்ப கடமையாக்குன ஆயத்த ஏத்துக்குற நாம அதுக்கு அடுத்த ஆயத்தயும் ஏத்துக்கணும்ல.

விரல் குத்துறது விசயம் ரொம்ப முக்கியம், ஏன்னா இந்த பயத்துலதான் நிறைய பேர் மீட்டர அலமாரிலயே வச்சுட்டு நோன்பு பிடிக்கிறாங்க. சுகர் பாக்க ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா நோன்பு முறியாது. 1997ல ஜித்தாவுல கூடின சர்வதேச ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி, பரிசோதனைக்கு ரத்தம் எடுக்குறதும், சத்து ஏத்துற ஊசி தவிர மத்த ஊசிகளும் நோன்ப முறிக்காதுன்னு தீர்மானம் போட்டுருக்கு. இன்சுலின் சத்து ஊசி இல்ல, அதனால அதுவும் முறிக்காது. குளுக்கோஸ் ட்ரிப் ஏத்துனா முறியும்.

அப்புறம் களா, ஃபித்யா. சில நோன்பு மட்டும் விடுபட்டு, பின்னாடி வைக்க உடம்புல தெம்பு இருந்தா அத வேற நாள்ல வச்சு ஈடுகட்டணும், அதுதான் களா. இனிமே வைக்கவே முடியாத, தீராத நோய்னா ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்கு உணவு, அதுதான் ஃபித்யா. யாருக்கு எதுன்றத டாக்டர் சொன்னத கையில வச்சுக்கிட்டு நீங்க நம்புற ஆலிம்கிட்ட கேளுங்க, இங்க பொதுவா சொல்ல நான் விரும்பல. பகல் சின்னதா இருக்குற மாசத்துல களா வைக்கலாம், அதுல ஒரு குறையும் கிடையாது.

சென்சார்_கை:

நான் டைப் 1. பன்னெண்டு வயசுல வந்துச்சு, இப்ப 31. இத எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்.

19 வயசுல வீட்ல எல்லாரும் வைக்கிறாங்க நான் மட்டும் பகல்ல ஒளிஞ்சு சாப்பிடணுமான்னு ஒரு வீம்புல நோன்பு பிடிச்சேன். சுகர் இறங்கிரக் கூடாதுன்னு பயந்து இன்சுலின பாதிக்கு மேல குறைச்சுட்டேன், சாப்பிடலதானே அப்ப எதுக்கு இன்சுலின்னு நானா ஒரு கணக்கு போட்டேன். மூணாவது நாள் வாந்தி, வயித்து வலி, மூச்சு வேகமா வாங்குது, வாய்ல ஏதோ அழுகுன பழ வாடை. கீட்டோன் ஏறி ஐசியூ. டைப் 1 இருக்குறவங்க உடம்புக்கு சாப்பாடு இல்லன்னாலும் அடிப்படை இன்சுலின் வேணும், அது இல்லன்னா உடம்பு கொழுப்ப எரிச்சு ரத்தத்த அமிலமாக்கிரும். இத எனக்கு யாரும் அன்னைக்கு வரைக்கும் புரியுற மாதிரி சொல்லல.

இப்ப நான் வைக்கிறது இல்ல. கைல சென்சார், ஹெச்பிஏ1சி நல்லா இருக்குற சில டைப் 1 ஆளுங்க டாக்டர் கண்காணிப்புல வைக்கிறாங்க, ஆனா எனக்கு சுகர் இறங்குறதே இப்பல்லாம் தெரிய மாட்டேங்குது, நடுக்கமும் இல்ல வேர்வையும் இல்ல, 50க்கு வந்தப்புறம்தான் கண்ணு மங்கும். இந்த மாதிரி ஆளுங்க வைக்கவே கூடாதுன்னு எங்க டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. ஃபித்யா குடுக்குறேன். சஹருக்கு எல்லாரையும் எழுப்புறது நான், தட்டு வைக்கிறது நான், சாயங்காலம் நோன்பு திறக்குற இஃப்தார் துஆவுல நானும் கை ஏந்துறேன். ஆரம்பத்துல அழுகையா வரும். இப்ப இல்ல.

வாப்பாவுக்கு போன வருசம் இறங்குறப்ப முன்கூட்டியே ஏதாவது தெரிஞ்சுச்சான்னு கேளுங்க சகோதரி. ஒன்னுமே தெரியலன்னு சொன்னா அத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

பிறைதேடி:

ராத்தா, படிச்சதும் ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியல. அல்லாஹ் உங்களுக்கு ஆஃபியத்த குடுக்கட்டும். வாப்பாகிட்ட கேட்டேன், மத்தியானம் ளுஹர்ல இருந்தே கை நடுங்குச்சாம், பசின்னு நினைச்சு விட்டுட்டாங்களாம். பிரஷருக்கு ஒரு மாத்திரையும் போடுறாங்க, அதுவும் சொல்லணுமா?

மருந்துச்சீட்டு:

கண்டிப்பா சொல்லணும். பிரஷர் மாத்திரைல பீட்டா பிளாக்கர்னு ஒரு வகை இருக்கு, அது படபடப்பையும் நடுக்கத்தையும் மறைச்சுரும், வேர்வை மட்டும்தான் மிஞ்சும். நீர் பிரிக்கிற மாத்திரையா இருந்தா தண்ணி குடிக்காத பகல்ல அது வேற பிரச்சன. எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில போட்டு கொண்டு போயிருங்க, பேர ஞாபகம் வச்சு சொல்றத விட அதுதான் நல்லது.

மருந்து மாத்துறது பொதுவா எப்படி இருக்கும்னு சொல்றேன், இத பாத்து நீங்களா மாத்திராதீங்க. மெட்ஃபார்மின் ரெண்டு வேளைன்னா இஃப்தார்லயும் சஹர்லயும் அப்படியே போகும். மூணு வேளைன்னா மத்தியான டோஸ இஃப்தார் டோஸோட சேப்பாங்க. க்ளிமிப்பிரைடு, க்ளிக்ளசைடு மாதிரி ஒரு வேளை மாத்திரைய இஃப்தாருக்கு மாத்துவாங்க, சுகர் நல்லா கன்ட்ரோல்ல இருந்தா அளவையும் குறைப்பாங்க. க்ளிபென்கிளமைடுன்னு பழைய மாத்திரை ஒன்னு இருக்கு, அதுல இருக்குறவங்க நோன்புக்கு முன்னாடி வேற மருந்துக்கு மாறுறது நல்லது, ரொம்ப நேரம் இறக்கிக்கிட்டே இருக்கும். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் வகைக்கு பெருசா மாத்தம் தேவைப்படாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீர்ல சர்க்கரைய வெளியேத்துற மாத்திரைய இஃப்தார்ல போட்டு ராத்திரி நிறைய தண்ணி குடிக்கணும், ரமலான் நெருங்கும்போது அத புதுசா ஆரம்பிக்கக் கூடாது.

நாள் பூரா வேலை செய்ற இன்சுலின இஃப்தார் நேரத்துக்கு மாத்தி 15லிருந்து 30 சதவீதம் குறைப்பாங்க. கலப்பு இன்சுலின் ரெண்டு வேளை போடுறவங்களுக்கு வழக்கமா காலைல போடுற பெரிய டோஸ் இஃப்தாருக்கு வரும், சாயங்கால டோஸ குறைச்சு சஹருக்கு வைப்பாங்க. இத மாத்தாம பழைய காலை டோஸையே சஹர்ல போட்டுட்டு மத்தியானம் மயங்கி விழுந்தவங்கள நான் பாத்திருக்கேன்.

மாத்திரையவே தொடாம பிடிக்கிறதும் தப்பு சகோ மக்ரிப்காற்று. 2001ல 13 நாடுகள்ல 12,000க்கும் மேல சுகர் இருக்குறவங்கள வச்சு எபிடயர்னு ஒரு ஆய்வு பண்ணாங்க. டைப் 2 ஆளுங்கள்ல 79 சதவீதம் பேர் குறஞ்சது 15 நாள் நோன்பு வச்சிருந்தாங்க. மத்த மாசங்கள விட ரமலான்ல சுகர் மோசமா இறங்குறது டைப் 2ல ஏழரை மடங்கு கூடுச்சு, மோசமா ஏறுறது அஞ்சு மடங்கு. இறங்குறத மட்டும் எல்லாரும் பேசுறோம், ஏறுறத யாரும் பேசல. மருந்த நிறுத்திட்டு இஃப்தார்ல அள்ளி சாப்பிட்டா 400க்கு போகும், நாக்கு வறண்டு, அடிக்கடி ஒன்னுக்கு போய், உடம்புல தண்ணி வத்தி ரத்தம் கெட்டியாகும்.

சஹர்விழி:

சாப்பாடு பத்தி நான் கொஞ்சம் சொல்றேன், எனக்கும் என் மச்சிக்கும் சுகர்தான், ஏழு வருசமா டயட்டீஷியன் சொன்னபடி பிடிக்கிறோம்.

சஹர கடைசி நேரத்துக்கு தள்ளுங்க, அது சுன்னத்தும் கூட. ராத்திரி 12 மணிக்கே சாப்பிட்டு படுத்துட்டா நோன்போட நீளம் சும்மா நாலு அஞ்சு மணி நேரம் கூடிருது. சஹர் இல்லாம நோன்பே வேண்டாம். தட்டுல மெதுவா செரிக்கிற தானியம், பயறு, முட்டை, காய். இஃப்தார்ல பேரீச்சம்பழத்த எண்ணி வைங்க, பெரிய வகை ஒன்னுலயே 16, 18 கிராம் மாவுச்சத்து இருக்கு, நாலு சாப்பிட்டா என்னாகும்னு நீங்களே பாத்துக்கோங்க. ஒன்னு சாப்பிட்டு தண்ணி குடிச்சு தொழுதுட்டு வந்து சாப்பாடு. இனிப்பு தண்ணி, பொரிச்ச ஐட்டம் ரெண்டும்தான் எங்க வீட்ல மீட்டர 300க்கு கொண்டு போனது, அத நிறுத்துனதும் ஒரே வாரத்துல வித்தியாசம் தெரிஞ்சுச்சு. தண்ணிய ஒரேயடியா சஹர்ல குடிக்காம இஃப்தார்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா.

மக்ரிப்காற்று:

மருந்துச்சீட்டு சகோ, நீங்க எழுதுனத பெரியவாப்பாவுக்கு படிச்சு காட்டினேன். போன ரமலான் கடைசில கால்ல ஒரு புண்ணு வந்து மூணு மாசம் ஆறவே இல்ல, அத நாங்க இதோட சேத்து யோசிச்சதே இல்ல. டாக்டர பாக்க ஒத்துக்கிட்டாங்க. முன்னாடி நான் எழுதுனது தெரியாம எழுதுனது, பிறைதேடி சகோதரி மன்னிக்கணும்.

இன்னொன்னு, ராத்திரி தராவீஹ் தொழுகைக்கு நிக்கலாமா?

மருந்துச்சீட்டு:

மன்னிப்பெல்லாம் எதுக்கு சகோ, டாக்டர்கிட்ட அந்த கால முதல்ல காட்டுங்க. தராவீஹ் நிக்கலாம், அத உடற்பயிற்சி கணக்குல சேருங்க. போறதுக்கு முன்னாடி சுகர் பாக்கணும், தண்ணி பாட்டிலும் குளுக்கோஸ் பாக்கெட்டும் பையில இருக்கணும். பகல்ல, அதுவும் மக்ரிபுக்கு (சூரியன் மறையிற நேரம்) முந்துன ரெண்டு மணி நேரத்துல வேர்க்க விறுவிறுக்க நடக்குறது வேண்டாம்.

ஒருகவளம்:

இவ்வளவும் படிச்சுட்டு ஒன்னு மட்டும் சொல்லணும்னு லாகின் பண்ணேன், பிறைதேடியோட முதல் பதிவுல இருக்குற அந்த "இன்னும் ஒன்னரை மணி நேரம்தானே" என்னைய தூங்க விடல.

அந்த வார்த்தைய நானும் சொல்லிருக்கேன். மூணு வருசம் முன்னாடி, மக்ரிபுக்கு 40 நிமிசம் இருக்கும்போது எனக்கு 52. வீட்டுக்காரி தேன எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறா, அவ எதுக்கு என் நோன்ப கெடுக்கப் பாக்குறான்னு எனக்கு அவ்வளவு கோவம், அவ கைய தட்டிவிட்டேன், தேன் பாட்டில் உடைஞ்சுச்சு. கல்யாணம் ஆகி 22 வருசத்துல அவ மேல நான் கை ஓங்குனது இல்ல. உள்ள இருந்து பாத்தா நான் ரொம்ப தெளிவா, ரொம்ப உறுதியா இருக்குற மாதிரிதான் இருந்துச்சு, அதுதான் இதுல பயங்கரமே. மூளை ஓடுறதே சர்க்கரைல, அது குறையும்போது முடிவெடுக்குற புத்திதான் முதல்ல போகுது. நோன்ப விடவா வேண்டாமான்னு முடிவெடுக்க வேண்டிய அந்த நேரத்துல முடிவெடுக்குற ஆளே அங்க இல்ல. உங்க வாப்பா பிடிவாதம் பிடிக்கல சகோதரி, பேசுனது அந்த 48.

அதனால எங்க வீட்ல ரமலானுக்கு முன்னாடி, வயிறு நிறைஞ்சு புத்தி தெளிவா இருக்குற ஒரு ராத்திரில, நானே என் கைப்பட ஒரு தாள்ல எழுதி அலமாரிக் கதவுல ஒட்டிருவேன். "70க்கு கீழ வந்தா நோன்ப விடுறேன். 300க்கு மேல போனா விடுறேன். நடுக்கம், குழப்பம், வாந்தி, காய்ச்சல் வந்தா நம்பர் என்னவா இருந்தாலும் விடுறேன். மணி எத்தனன்னு பாக்க மாட்டேன். நான் மறுத்தா இந்தத் தாள காட்டு." கீழ கையெழுத்து. மில்லிமோல் மீட்டர் வச்சிருக்குறவங்களுக்கு 70ன்றது 3.9, 300ன்றது 16.7. 70க்கும் 90க்கும் நடுவுல இருந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள மறுபடி பாக்குறேன். காலைலயே 70க்கு கீழ போயிட்டா, பகல் பூரா கிடக்குதே, அப்ப யோசிக்கவே கூடாது.

விட்டதும் 15 கிராம் வேகமான சர்க்கரை, அதாவது குளுக்கோஸ் பவுடர் மூணு டீஸ்பூன், தண்ணில கலக்கி. 15 நிமிசம் கழிச்சு திரும்ப குத்திப் பாக்கணும், ஏறலன்னா இன்னொரு தடவ. ஏறுனதும் சாப்பாடு. ஆள் நினைவில்லாம இருந்தா வாய்ல எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்கு போயிரும், ஒருக்களிச்சு படுக்க வச்சு ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.

ஓதும்_குரல்:

ஒருகவளம் காக்கா, ஜஸாக்கல்லாஹு ஹைரன். இத ஜும்ஆவுக்கு முன்னாடி பள்ளில படிக்கலாமான்னு இமாம்கிட்ட கேக்கப் போறேன், உங்க பேர் இல்லாம.

பிறைதேடி:

டாக்டர பாத்துட்டு வந்தோம். ஹெச்பிஏ1சி 7.8, கிட்னி நல்லா இருக்கு, மார்க் போட்டதுல நடுத்தர ரிஸ்க்ல வந்துச்சு. வைக்கலாம், ஆனா நான் சொல்றபடின்னு சொன்னாங்க. க்ளிமிப்பிரைடு பாதியாக்கி இஃப்தாருக்கு, இன்சுலின் 16 யூனிட்டும் இஃப்தாருக்கு, மெட்ஃபார்மின் ரெண்டு வேளையும் அதே அளவு. பிரஷர் மாத்திரை பீட்டா பிளாக்கர் இல்ல, அல்ஹம்துலில்லாஹ். இது எங்க வாப்பாவுக்கு மட்டும் சொன்ன அளவு, யாரும் இத பாத்து எடுத்துராதீங்க. ரமலானுக்கு முன்னாடி ரெண்டு நஃபில் (கடமை இல்லாத) நோன்பு வச்சு பாக்கச் சொன்னாங்க, சஹருக்கு முன்னாடி, காலைல, மத்தியானம், அஸர் நேரம், இஃப்தாருக்கு முன்னாடி, இஃப்தாருக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சுன்னு ஆறு தடவ குத்தி நோட்டுல எழுதுனோம், கம்மியா வந்தது 92.

தாள் எழுதச் சொன்னப்ப வாப்பா முதல்ல ஒத்துக்கல. காக்கா எழுதுன அந்த தேன் பாட்டில் விசயத்த படிச்சு காட்டினேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் பேனா கேட்டாங்க.

சென்சார்_கை:

அல்லாஹ் இலேசாக்கட்டும். ரமலான்ல எப்படி போகுதுன்னு வந்து சொல்லுங்க மா.

பிறைதேடி:

இன்னைக்கு ஒன்பதாவது நோன்பு. எட்டு நோன்பும் 90க்கு கீழ போகாம போச்சு. நேத்து ராத்திரி வாப்பா வயிறு சரியில்லன்னு சஹர்ல ரெண்டு வாய்தான் சாப்பிட்டாங்க, நான் அப்பவே இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிருக்கணும், சொல்லல.

மக்ரிபுக்கு 25 நிமிசம் இருக்கும்போது அவங்களே மீட்டர எடுத்துக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தாங்க. 66. நான் ஒன்னும் சொல்லல, எழுந்து அலமாரி பக்கம்தான் போனேன், தாள எடுக்க. "அத எடுக்காத, எனக்கு தெரியும்"னு சொல்லிட்டு பிஸ்மி சொல்லி குளுக்கோஸ் தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சாங்க. கால் மணி நேரத்துல 98. அப்புறம் எங்க கூடவே இஃப்தார் விரிப்புல உக்காந்து துஆ கேட்டாங்க, சாப்பிட்டு முடிச்சதும் நோட்ட வாங்கி ஒன்பதாவது நோன்புக்கு நேரா "களா 1"ன்னு எழுதுனாங்க.

நாளைக்கு வயிறு சரியானா பாக்கலாம்னு சொல்லிருக்காங்க. டாக்டருக்கு ஃபோன் பண்ணியாச்சு, இன்னைக்கு இன்சுலின 14ஆ குறைக்கச் சொன்னாங்க.